கால் படாத புளியமரங்கள்

தர்மபுரி,
13-1-1974

என் அன்புக்கும் மரியாதைக்கும் உரிய பரிதாவின் அத்தாவுக்கு, ஜான் பீ சலாம் சொல்லி எழுதிக்கொண்டது.

நானும் நம் மகள் பரிதாவும் உங்கள் அண்ணன் வீட்டாரும் அல்லாஹ்வின் கிருபையால் சுகமாக இருக்கிறோம். பம்பாயில் நீங்கள் சுகமா என்று கேட்பதற்கு முன்னால் ஒன்று சொல்லிவிடுகிறேன். நின்றுகொண்டு படிக்கிறீர்கள் என்றால் உட்கார்ந்துகொள்ளுங்கள். பக்கத்தில் ஆள் இருந்தால் தள்ளிப் போய்ப் படியுங்கள். கடைசி வரி வரைக்கும் படித்துவிட்டுக் கோபப்படுங்கள், நடுவில் வேண்டாம்.

துபாய் போக ஏஜண்டிடம் கட்டவேண்டும் என்று ஆயிரத்து இருநூறு ரூபாய் கேட்டிருந்தீர்கள். உங்கள் தையல் மிஷினை விற்று, போதாததற்கு என் வளையலையும் விற்று அனுப்பச் சொன்னீர்கள். மிஷினை நான் விற்கவில்லை. வளையல் இரண்டையும் விற்றேன். மூன்று பவுனுக்கு ஆயிரத்து இருநூறு முழுசாகவே வந்தது. அந்தப் பணத்தை உங்களுக்கு அனுப்பவில்லை. புளியமரம் ஏலம் எடுத்திருக்கிறேன்.

உட்கார்ந்துதானே இருக்கிறீர்கள்?

போன மாதம் பரிதாவுக்குக் கண் காட்ட சேலம் போய்வந்ததை எழுதியிருந்தேன் அல்லவா? (கண்ணில் கோளாறு ஒன்றுமில்லை. கணக்குப் பாடத்துக்குப் பயந்துதான் தலைவலி என்றிருக்கிறாள்.) திரும்பி வரும்போது தொப்பூர் மேட்டில் வெங்காய லாரி ஒன்று கவிழ்ந்து ரோட்டை அடைத்துக்கொண்டது. மூன்று மணி நேரம் பஸ் நகரவில்லை. டிரைவருக்கு அடி ஒன்றுமில்லை என்று தெரிந்ததும் பஸ்ஸில் இருந்த ஜனமெல்லாம் வெங்காயம் பொறுக்க ஓடியது. நான் இறங்கி நிழலுக்கு ஒதுங்கி, அண்ணாந்து பார்த்தேன். அப்பா! கிளை தெரியாமல் காய். பட்டையான, சதைப்பற்றான காய். உங்கள் அண்ணனுடைய புளி மண்டியில் இரண்டு வருஷமாக ஓடு தட்டி, நார் உரித்து, கொட்டை எடுத்துக் கூலி வாங்குகிறேன். எந்தக் காயில் எவ்வளவு சதை தேறும் என்று எனக்குத் தெரியாதா?

நீங்கள் தெருவில் போகிற ஆளைப் பார்த்தே சட்டைக்கு எவ்வளவு துணி என்று சொல்லிவிடுவீர்கள். டேப்பு வைத்து அளந்தால் ஒரு விரல்கூடப் பிசகாது. அதை மறைவாக நின்று எத்தனை நாள் பார்த்து வியந்திருக்கிறேன் தெரியுமா? பன்னிரண்டு வருஷத்தில் ஒரு நாளும் உங்களிடம் சொன்னதில்லை. எழுத்தில் சொல்ல வெட்கமாக இல்லை, அதனால் எழுதுகிறேன். அந்தக் கண்ணைப் பார்த்துத்தான் நானும் மரத்தை அளக்கப் பழகினேன். அன்றைக்கு பஸ் நகர்வதற்குள் அந்த மேட்டில் இருக்கும் முப்பத்தெட்டு மரத்தையும் பார்த்து முடித்துவிட்டேன். பரிதா கூடவே எண்ணிக்கொண்டு வந்தாள். அந்தக் கணக்கில் மட்டும் அவளுக்குத் தலைவலி வரவில்லை.

ரோட்டோர மரங்களின் காய்க்கு வருஷா வருஷம் ஏலம் நடக்கிறது அல்லவா, அது வியாழக்கிழமை நடந்தது. துப்பட்டியை இழுத்துப் போர்த்திக்கொண்டு, மண்டியில் என்னோடு வேலை செய்யும் செல்லம்மாளைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். கடத்தூர், காரிமங்கலம் வியாபாரிகள் எல்லாம் வந்திருந்தார்கள். உங்கள் அண்ணனும் இருந்தார். ஏலம் கேட்க நான் முன்பணமாக டேவணித் தொகை கட்டுவதைப் பார்த்து, அவர் வாயில் போட்ட வெற்றிலையை மெல்லவே மறந்துவிட்டார். தொப்பூர் மேட்டு மரங்களை முந்நூறில் ஆரம்பித்தார்கள். நானூறு, ஐந்நூறு, ஐந்நூற்று ஐம்பது என்று ஊர்ந்தது. எனக்குப் பொறுமை போய்விட்டது. செல்லம்மாளை விட்டுச் சொல்லச் சொல்லாமல் நானே குரலை உயர்த்தி, தொள்ளாயிரம் என்றேன்.

ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள். உங்கள் அண்ணன் மட்டும் இருமிக்கொண்டே இருந்தார். பாவம், பனிக்காலம் அவருக்கு ஒத்துக்கொள்வதில்லை. ஒரு தரம், இரண்டு தரம், மூன்று தரம். முப்பத்தெட்டு மரமும் என் பெயருக்கு வந்துவிட்டது. வியாபாரத்தில் பழம் தின்று கொட்டை போட்டவர்கள் எல்லாம் ஒரு பொம்பளை குரலுக்கு வாயடைத்துப் போனார்கள்.

ஏஜண்டு ஏப்ரல் கடைசி வரை பொறுப்பார் என்று நீங்களே எழுதியிருந்தீர்கள். மார்ச்சில் காய் முழுதும் இறங்கிவிடும். உங்கள் பணம் உங்களுக்கு வந்து சேரும், அதற்கு மேலும் மிஞ்சும். இப்போது கோபப்படலாம். ஆனால் சாப்பிட்டுவிட்டுக் கோபப்படுங்கள்.

ரேஷனில் இந்த வாரம் அரிசி போட்டார்கள். கூரையில் இரண்டு ஓடு மாற்றினேன். உங்கள் மிஷினுக்கு எண்ணெய் போட்டு மூடி வைத்திருக்கிறேன்.

உங்கள் உடம்பையும் உங்கள் எண்ணத்தையும் அல்லாஹ் காப்பானாக.

என்றும் உங்கள்,
ஜான் பீ


தர்மபுரி,
17-2-1974

மரியாதைக்குரிய பரிதாவின் அத்தாவுக்கு, உங்கள் ஜான் பீ ஆயிரம் சலாத்துடன் எழுதுவது.

உங்கள் கடிதம் கிடைத்தது. இன்லண்ட் லெட்டரில் மூன்று பக்கம் இடம் இருக்க, நான்கே வரி எழுதியிருந்தீர்கள். நான்காவது வரியில் பேனா காகிதத்தைக் கிழித்திருக்கிறது. என் வாழ்க்கையையே ஏலம் விட்டுவிட்டாய் என்று எழுதியிருக்கிறீர்கள். இரண்டு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. அதோடு சேர்த்து இன்னொன்றும் நடந்துவிட்டது. மறைத்து எழுத எனக்கு வராது, சொல்லிவிடுகிறேன். நீங்கள் கோபப்பட்டது சரிதான்.

உங்கள் அண்ணனுக்கு அன்றைக்கு இருமல் இல்லை. என்னை நிறுத்தச் சொல்லித்தான் இருமியிருக்கிறார். இருமலுக்குக் கஷாயம் காய்ச்சிக் கொண்டுபோய்க் கொடுத்தபோது தலையில் அடித்துக்கொண்டார். அந்த முப்பத்தெட்டில் பதினெட்டு மரம் முனியப்பன் கோயிலைச் சுற்றி நிற்பவை. லாரிக்காரர்கள் நிறுத்தித் தேங்காய் உடைப்பார்களே, அந்தக் கோயில்தான். அந்தப் பதினெட்டில் யாரும் ஏற மாட்டார்களாம். நாலு வருஷத்துக்கு முன்னால் ஏறின ஒருத்தன் விழுந்து இடுப்பு ஒடிந்ததிலிருந்து காயைக் குரங்குதான் தின்கிறது. வியாபாரிகள் எல்லாரும் மீதி இருபது மரத்தை மட்டும் மனதில் வைத்துத்தான் விலை கேட்பார்கள். ஐந்நூற்று ஐம்பதே அதிகம். நான் முப்பத்தெட்டுக்கும் சேர்த்துக் கேட்டிருக்கிறேன். என் தைரியத்தைப் பார்த்து அவர்கள் வாயடைக்கவில்லை. இப்படியும் ஒரு பைத்தியமா என்றுதான் பார்த்திருக்கிறார்கள்.

அண்ணாந்து பார்த்தவள் கண்ணுக்குக் காய் தெரிந்தது, கோயில் தெரியவில்லை. நீங்கள் பக்கத்தில் இருந்திருந்தால் இரண்டு திட்டு திட்டியிருப்பீர்கள், மனது லேசாகியிருக்கும்.

ஆள் பிடித்துக்கொண்டு போனேன். இருபது மரத்தை உலுக்கித் தந்தார்கள். பதினெட்டின் பக்கம் கால் எடுத்து வைக்கவில்லை. இரட்டைக் கூலி தருகிறேன் என்றேன். இரட்டை உயிர் தருவியாம்மா என்று கேட்டார்கள். நியாயந்தானே. உங்கள் அண்ணன் அழைத்து, ஆனது ஆகிவிட்டது, ஆழம் தெரியாமல் காலை விட்டாய், இருக்கிற காயை என் மண்டியில் போட்டு வந்ததை வாங்கிக்கொள் என்றார். அவர் நல்ல மனதோடுதான் சொன்னார். வந்தது என்றால் உங்கள் பணத்தில் பாதி.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன்.

செல்லம்மாளுக்குப் பிறந்த ஊர் தொப்பூர்ப் பக்கம். கோயில் பூசாரி நஞ்சப்பன் அவளுக்கு மாமா முறை. அவரையே கேட்டுவிடலாம் என்று கூட்டிக்கொண்டு போனாள். துப்பட்டி போட்ட ஒருத்தி கோயில் வாசலில் வந்து நிற்பதைப் பார்த்து அவர் ஒன்றும் முகம் சுளிக்கவில்லை. தண்ணீர் கொடுத்தார். எல்லாவற்றையும் சொன்னேன், வளையல் விற்றது வரைக்கும். யோசித்துவிட்டு அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: “மரத்து மேல காலு படக் கூடாதுங்க, அது ஒண்ணுதான். காயி வூட்டுக்குப் போவக் கூடாதுன்னு சாமி எந்தக் காலத்துலயும் சொன்னதில்லீங்க.”

கால் படாமல் அவ்வளவு உயர மரத்தில் எப்படிக் காய் இறக்குவது? தரையில் நின்று எத்தனை நீள அலக்குக் கழி வைத்தாலும் தாழ்ந்த கிளைக்குத்தான் எட்டும். நானும் செல்லம்மாளும் எதிர்ப்பக்கம் கல்லில் உட்கார்ந்துவிட்டோம். அப்போது சேலத்துப் பக்கமிருந்து வைக்கோல் பாரம் ஏற்றிய லாரி ஒன்று வந்தது. தேங்காய் உடைக்க ஓரம் கட்டினார்கள். பாரத்தின் உச்சி கிளையில் உரசியது. பொலபொலவென்று காய் உதிர்ந்தது பாருங்கள், நான் எழுந்தே நின்றுவிட்டேன். செல்லம்மாளைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்த்தாள். அவள் அதற்குள் முந்தானையை இடுப்பில் செருகிவிட்டாள்.

லாரி மேல் நின்றால் மரத்தில் கால் படாது அல்லவா? பூசாரியைக் கேட்டோம். அவர் சிரித்துவிட்டு, சாமிக்கு முன்னால் சூடம் ஏற்றிக் கேட்டுச் சொல்கிறேன் என்று உள்ளே போனார். எனக்குத் தெரிந்த துவாவெல்லாம் நான் வெளியே நின்று ஓதினேன். அவர் திரும்பி வந்து, முதல் கூடை கோயிலுக்கு, மீதி உங்களுக்கு என்றார்.

இதைக் கேட்டு உங்கள் அண்ணனுக்கு வருத்தம். கோயிலுக்கு நீ படையல் வைப்பாயா என்றார். படையல் இல்லை, நாலு வருஷம் என் மரத்தைக் காவல் காத்தவருக்குக் கூலி என்றேன். யோசிக்கிறேன் என்று எழுந்து போனார். நீங்களும் இதைப் பற்றி நிதானமாக யோசித்து எழுதுங்கள். தப்பு என்றால் பொறுப்பு என்னுடையது.

ஒரு நாளைக்கு அங்கே முப்பது நாற்பது லாரி நிற்கும். கால் மணி நேரம் மரத்தடியில் நிறுத்தினால் போதும். சும்மா யார் நிறுத்துவார்கள்? ஆகவே சட்டி நிறையக் குஸ்கா செய்து, பொட்டலம் கட்டி, காலை முதல் பஸ்ஸில் கொண்டுபோகிறேன். நிறுத்துகிற டிரைவருக்கும் கிளீனருக்கும் ஆளுக்கொரு பொட்டலம். நாளைக்கு இரண்டாம் நாள். முதல் நாள் ஐந்து லாரி நிறுத்தினார்கள். தார்பாய் மேல் ஏறி நின்று, செல்லம்மாள் அலக்கை வீசுவதை நீங்கள் பார்க்கவேண்டும்! அவளுக்கு மூன்று பிள்ளைகள், புருஷன் இல்லை, கையில் ஒரு காசு இல்லை. ஆனால் பாரத்தின் உச்சியில் நின்று அவள் கீழே பார்த்துச் சிரித்தபோது எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அவளைப் போல ஒரு தைரியசாலியை நான் கண்டதில்லை.

நானும் ஏறினேன். இதைச் சொல்லாமல் விட்டுவிடலாம் என்றுதான் இருந்தேன், பரிதா எழுதிப் போட்டுவிடுவாள் என்பதால் நானே சொல்லிவிடுகிறேன். துப்பட்டியை இடுப்போடு இறுக்கிக் கட்டிக்கொண்டுதான் ஏறினேன். மேலே நின்றால் ரோடு வளைந்து வளைந்து போவது வெகுதூரம் தெரிகிறது. ஏறி வருகிற ஒவ்வொரு பஸ்ஸையும் பார்த்தேன், காரணம் ஒன்றுமில்லை.

உங்களோடு பம்பாயில் இருக்கும் சலாவுதீன் லீவில் வந்திருந்தான். நீங்கள் சௌக்கியம், இரண்டு வேளையும் நன்றாகச் சாப்பிடுகிறீர்கள், ஏஜண்டு நல்ல மனிதர் என்று சொன்னான். சொல்லும்போது பரிதாவின் பாடப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டே இருந்தான். போகும்போது மட்டும், ஏஜண்டு ஆபீஸ் இரண்டு தரம் இடம் மாறிவிட்டது என்றான். ஆபீஸ் என்றால் மாறத்தானே செய்யும். நான் மேலே ஒன்றும் கேட்கவில்லை. அவனிடம் ஊறுகாய் கொடுத்தனுப்பியிருக்கிறேன்.

என் தவறை மன்னியுங்கள். மன்னிக்க நேரமாகும் என்றால் இரண்டு வரியாவது எழுதுங்கள். அல்லாஹ் உங்களுக்கு நல்ல தூக்கத்தைத் தரட்டும்.

உங்கள்,
ஜான் பீ


தர்மபுரி,
7-4-1974

என் உயிரினும் மேலான பரிதாவின் அத்தாவுக்கு, ஜான் பீ சலாத்துடன், சந்தோஷத்துடன் எழுதிக்கொண்டது.

போன கடிதத்துக்குப் பதில் வரவில்லை. தபால்காரரை நான் தினமும் கேட்பதில்லை. பரிதாதான் கேட்கிறாள். வேலை அதிகமாக இருக்கும் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

காய் முழுதும் இறங்கிவிட்டது! பதினெட்டு மரமும்! பத்தொன்பது நாள் ஆயிற்று. மூன்றாம் நாளிலிருந்து நாங்கள் கேட்கவே வேண்டியிருக்கவில்லை. பெங்களூர்ப் பக்கம் போகிற டிரைவர்களே, குஸ்கா அம்மா மரம் எது என்று கேட்டு நிறுத்தினார்கள். ஒரு சர்தார்ஜி டிரைவர் தானே அலக்கை வாங்கி அடித்துவிட்டு, எண்ணெய் கொஞ்சம் கூட என்று பொட்டலத்தைப் பற்றிக் குறை வேறு சொல்லிவிட்டுப் போனார். மறுநாளே எண்ணெயைக் குறைத்தேன். ஒருவருக்கும் ஒரு கீறல் இல்லை. யார் மேலும் காய் விழுந்த அடிகூட இல்லை, செல்லம்மாள் தலையில் விழுந்த ஒரு குரங்கைத் தவிர. நாங்கள் காய் பறிக்க வந்த கோபத்தில் அது குதித்தது. இருவருமே பிழைத்துக்கொண்டார்கள்.

முதல் கூடையைப் பூசாரியிடம் கொடுத்தோம். அதை அவர் கரைத்து, பங்குனியில் கூழோடு ரசம் வைத்து எல்லாருக்கும் ஊற்றினாராம்.

மண்டியில் ஓடு தட்ட பதினோரு பேர் உட்கார்ந்தோம். பொன் நிறச் சதை. உங்கள் அண்ணன் ஒரு சுளையை எடுத்து வாயில் போட்டார். கண்ணை மூடினார். பிறகு எல்லார் முன்னாலும் சொன்னார்: “தம்பி ஹயாத் பாஷா மிஷினுக்கு முன்னால உக்காந்திருக்கறப்போ வூட்டுக்குள்ள ஒரு வியாபாரி இருந்தது நமக்குத் தெரியாமப் போச்சே.” என்னை விடுங்கள், இதைக் கேட்டு பரிதா மூன்று நாள் தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தாள். வருகிற வருஷம் ஏலத்தில் என்னையும் கூட்டுச் சேர்த்துக்கொள்வதாக அவர் சொல்லியிருக்கிறார். இனிமேல் இருமினால் அர்த்தம் என்ன என்று முதலிலேயே பேசிக்கொள்ளலாம் என்றேன்.

விலையும் நன்றாக இருந்தது. கூலி எல்லாம் கொடுத்து, செல்லம்மாளுக்குக் கூலியாக இல்லாமல் பங்காக நூற்றைம்பது கொடுத்து (வாங்க மாட்டேன் என்று அழுதாள், நான் அதட்டினேன்), உங்கள் ஆயிரத்து இருநூறு போக, கையில் எழுநூற்றுச் சொச்சம் இருக்கிறது. அல்ஹம்துலில்லாஹ். உங்களிடம் சொல்ல ஓடி வரவேண்டும் போல இருந்தது. யாரிடம் ஓடுவது? மிஷினைத் திறந்து, அதன் முன்னால் உட்கார்ந்து அழுதேன். சந்தோஷ அழுகைதான்.

அந்த எழுநூறில் வளையல் வாங்கிக்கொள்ளச் சொல்கிறார் உங்கள் அண்ணி. வெறும் கை எனக்குப் பழகிவிட்டது. பஸ் ஸ்டாண்டு ரோட்டில், மருந்துக் கடைக்கு அடுத்து, ஒரு சின்ன அறை காலியாக இருக்கிறது. வாசல் கிழக்குப் பார்த்தது. ஒரு மிஷின், ஒரு கட்டிங் மேஜை போடலாம், அது போக இன்னொரு ஆளும் உட்காரலாம். உங்கள் பழைய தையல் கடையின் சொந்தக்காரர் போல் இந்த அறைக்காரர் வருஷா வருஷம் வாடகை ஏற்றுகிறவர் இல்லையாம். சும்மா போகிற வழியில் பார்த்துவிட்டு வந்தேன். அட்வான்ஸ் எவ்வளவு என்றும் சும்மா கேட்டேன். மாதக் கடைசி வரை வேறு யாருக்கும் தருவதில்லை என்று அவரே சும்மா சொன்னார்.

பரிதா உங்கள் மிஷினில் நேராகத் தையல் போடக் கற்றுக்கொண்டாள். தலையணை உறை ஒன்று தைத்தாள். மூன்று பக்கம் சரியாக வந்தது, நாலாவது பக்கத்தையும் தைத்து மூடிவிட்டாள். அத்தா இருந்தால் பிரித்துக் காட்டுவார் என்றாள். நான் பிரிக்கவில்லை, அப்படியே வைத்திருக்கிறேன்.

இனி முக்கியமான விஷயம். நேற்று போஸ்ட் ஆபீஸ் போய், உங்கள் ஆயிரத்து இருநூறையும் இரண்டு மணியார்டராகப் பிரித்து அனுப்பிவிட்டேன். சொன்ன தவணைக்கு மூன்று வாரம் முன்னாலேயே அனுப்பிவிட்டேன், என்னை இனி ஒரு சொல் சொல்ல முடியாது. ஜனவரியில் நான் அனுப்பாமல் விட்டதற்குப் புளியமரம் மட்டும் காரணம் இல்லை. அது உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஆனால் உங்கள் பணத்தை என் கையில் வைத்துக்கொண்டு உங்களை நிறுத்துவது நியாயம் இல்லை. உலகம் பார்க்க நினைத்த மனிதரை ஒரு பொம்பளை ஏமாற்றிக் கட்டிப்போட்டாள் என்று நாளைக்கு நீங்களே நினைத்துவிட்டால் என்னால் தாங்க முடியாது. ஆகவே முழுப் பணமும் உங்களிடம் வருகிறது. அதை எப்படிச் செலவு செய்வது என்று நான் சொல்ல மாட்டேன்.

போஸ்ட் ஆபீஸிலிருந்து நேராக மொரப்பூர் போனேன், பரிதாவையும் கூட்டிக்கொண்டு. பம்பாயிலிருந்து வருகிற ஆள் எங்கே வண்டி மாறவேண்டும், டிக்கெட் எவ்வளவு என்று ஸ்டேஷனில் விசாரித்து, இந்தக் கடிதத்தின் பின்பக்கம் எழுதியிருக்கிறேன். சும்மா தெரிந்துகொள்ளத்தான். காலையில் வண்டி வந்தால், இறங்கினதும் தர்மபுரிக்கு பஸ் நிற்கிறது.

யா அல்லாஹ், என் வீட்டுக்காரரை எந்தப் பக்கம் நடத்தினாலும் கையைப் பிடித்து நடத்துவாயாக. கடலைத் தாண்டினாலும் அவருக்கு ஒரு குறையும் வராமல் காப்பாயாக. இதை ஐந்து வேளையும் கேட்கிறேன், மனதார.

பணம் வந்ததும் அந்த ஏஜண்டிடம் கட்டுவதானால், முத்திரை குத்திய ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். ஸ்டேஷனில் டிக்கெட்டுக்குக் கட்டுவதானால் ரசீதும் வேண்டாம், கடிதமும் வேண்டாம். வந்து நில்லுங்கள், போதும்.

உங்கள்,
ஜான் பீ